பால்வாடி எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும்?

தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம் வட்டாரத்தில் உழைக்கும் குடும்பங்களின் நாள் விடியும் முன்பே தொடங்கிவிடுகிறது. பதநீர் காலத்தில் செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய பனை விளைகளில் பனையேறி இருட்டோடு மரத்தில் இருப்பார். அவர் இறக்கி வரும் பதநீரை விடிலி என்ற குடிசையில் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. அடுப்பு எரியத் தொடங்கினால் பாகு பதத்துக்கு வரும்வரை அங்கிருந்து நகர முடியாது. முருங்கைக்காய் பறிக்கவும் வாழைத் தோட்டத்துக்கும் போகிற பெண்கள் வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். பெரியதாழைக் கரையில் மீன் வியாபாரத்துக்குக் கடிகாரம் கிடையாது. கட்டுமரமும் வள்ளமும் கரையேறும் நேரம்தான் கணக்கு. தாமிரபரணிப் பள்ளத்தாக்கு நெடுகிலும் வீட்டிலிருந்தபடி பீடி சுற்றும் பெண்களுக்கு வேலை நேரம் என்று தனியாக ஒன்றில்லை, நாள் முழுவதும் வேலை நேரம்தான். இவர்கள் எல்லோருடைய சின்னப் பிள்ளைகளுக்கும் அரசு வைத்திருக்கும் ஒரே இடம் அங்கன்வாடி, ஊர் வாயில் இன்றும் பால்வாடி. அது காலை ஒன்பதை ஒட்டி முழு வேகத்துக்கு வருகிறது, மாலை நான்குக்குள் பூட்டப்படுகிறது. இரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு அங்கே சத்துமாவு உண்டு, பகலில் இருக்க இடம் இல்லை. குழந்தைப் பராமரிப்பில் சமத்துவம் என்பதை மையங்களின் எண்ணிக்கையை வைத்தே இதுவரை அளந்து வந்திருக்கிறோம். எத்தனை மணிக்குத் திறக்கிறது, எந்த வயதிலிருந்து ஏற்கிறது, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்ற மூன்றையும் கொண்டு அளந்தால்தான் எந்தப் பிள்ளை உள்ளே இருக்கிறது, எது வெளியே நிற்கிறது என்பது தெரியும்.

தமிழ்நாடு இந்தத் துறையில் செய்திருப்பதை யாரும் குறைத்துப் பேச முடியாது. காமராஜர் காலத்தில், 1956-இல், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து எட்டயபுரத்தில் பள்ளி மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலை 1 அன்று திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளிக்குப் போகும் வயதை எட்டாத பிள்ளைகளையும் தட்டின் முன் உட்கார வைத்தது. இந்தியாவின் பல மாநிலங்கள் அதைச் சிந்திக்கவே இன்னும் பல ஆண்டுகள் ஆயின. இன்று மாநிலத்தில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 2006-இல் ஆறு மாநிலங்களின் அங்கன்வாடிகளை ஒப்பிட்டு வெளிவந்த ‘ஃபோக்கஸ்’ அறிக்கை, நேரத்துக்குத் திறப்பதிலும் சூடான உணவு தருவதிலும் பிள்ளைகளின் வருகையிலும் தமிழ்நாடு மற்றவற்றைவிட வெகுதூரம் முன்னே நிற்பதைக் காட்டியது. அரசு மனம் வைத்தால் ஏழைப் பிள்ளைக்குத் தரமான சேவை கொடுக்க முடியும் என்பதற்கு நாடே எடுத்துக்காட்டும் இடம் இது. அதனால்தான் இங்கே மிஞ்சியிருக்கும் குறையைப் பற்றிப் பேசுவதில் பயன் இருக்கிறது. கட்டடமும் ஆளும் சமையலும் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் நேரத்தையும் வயதையும் விரிப்பது, ஒன்றுமில்லாத இடத்தில் எல்லாவற்றையும் தொடங்குவதைவிட எளிது.

குறை எங்கே பிறந்தது என்றால், திட்டத்தின் அடித்தளத்திலேயே. 1972-இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு, பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளின் உடல்நலம், உணவு, கல்வி ஆகியவற்றைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தது. அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாக 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. துணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தல், முன்பருவக் கல்வி, தாய்மாருக்குச் சத்துணவு–சுகாதாரக் கல்வி என்று ஆறு சேவைகள். தாய் வேலைக்குப் போயிருக்கும் நேரம் முழுவதும் பிள்ளையை வைத்துப் பார்த்துக்கொள்வது இந்த ஆறில் இல்லை. தாய் வீட்டில் இருப்பாள், பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மத்தியானம் கூட்டிப் போவாள் என்ற எண்ணம் திட்டத்தின் உள்ளே உட்கார்ந்துகொண்டது. 1988-இல் எலா பட் தலைமையிலான ஆணையம் ‘ஷ்ரம்சக்தி’ அறிக்கையில், அமைப்புசாராப் பெண் தொழிலாளிக்குக் குழந்தைப் பராமரிப்பு கூலியைப் போலவே அடிப்படையான தேவை என்று வாதிட்டது. அதன் பிறகும் ஆறு ஆறாகவே இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், அதுவும் பாதி வழியில்தான் நிற்கிறது. ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992 டிசம்பரில் ஏற்றது. வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் பராமரிப்புச் சேவைகளால் பயன்பெறும் உரிமை உடையவர்கள், அதை உறுதிசெய்ய அரசு தகுந்த நடவடிக்கை எல்லாம் எடுக்க வேண்டும் என்று அதன் 18-ஆவது உறுப்பு நேரடியாகவே சொல்கிறது. உரிமை அங்கே பிள்ளையின் பேரில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தாய்க்குச் செய்யும் சலுகையாகவோ முதலாளியின் தயவாகவோ அது எழுதப்படவில்லை. நம் அரசமைப்பில் 2002-இன் 86-ஆவது திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயதுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறுக்குக் கீழ் உள்ளவர்களை 45-ஆவது பிரிவில் வைத்து, அவர்களுக்குப் பராமரிப்பும் கல்வியும் தர அரசு ‘முயல வேண்டும்’ என்பதோடு நிறுத்திக்கொண்டது. 2001-இலும் 2006-இலும் உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் திடமாகப் பேசியது: ஒரு குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேர் இருந்து அங்கன்வாடி இல்லையென்றால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் மையம் திறக்க வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தர வேண்டும். 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான ஒவ்வொரு பிள்ளைக்கும் அங்கன்வாடி உணவைச் சட்ட உரிமையாக்கியது. ஆக, உணவு உரிமை சட்டமாகிவிட்டது. பகல் முழுவதும் பாதுகாப்பாக இருக்கும் உரிமை இன்னும் முயற்சியாகவே இருக்கிறது.

தொழிலாளர் சட்டங்கள் இந்த இடைவெளியை நிரப்பியிருக்கலாம். அவை ஒரே கூரையின் கீழ் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைப் பற்றி யோசித்தன. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் 30 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டமும் ஒரு தலைக்கணக்கு வைத்தது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம் 50 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் கட்டாயம் என்றது. தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்று மனிதத்தன்மையோடு எழுதியது. இந்தக் கணக்கில் சாத்தான்குளத்துத் தாய் எங்கே வருகிறாள்? விடிலியில் பதநீர் காய்ச்சுகிறவள் தனி ஒருத்தி. தோட்டத்தில் முருங்கை பறிக்கிறவர்கள் ஐந்தாறு பேர், நாளைக்கு வேறு தோட்டம். பீடி சுற்றுகிறவள் தன் வீட்டுத் திண்ணையில் இருக்கிறாள். ஆயிரக்கணக்கில் பெண்கள் ஒரே நிறுவனத்துக்குச் சுற்றினாலும், ஒரே கூரையின் கீழ் இல்லை என்பதால் சட்டத்தின் கணக்கில் அவர்களுக்குக் காப்பகம் வராது. அவர்கள் வீட்டில்தானே இருக்கிறார்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்பவர்கள் அந்த வீட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். மடியில் சுளகு, சுளகில் தூளும் இலையும், பக்கத்தில் தவழும் பிள்ளை. பீடிக்கடையில் கணக்குக் கொடுக்க வேண்டிய எண்ணிக்கை நிறைவதற்குள் கை நிற்காது. பிள்ளை மூச்சில் இழுப்பது புகையிலைத் தூசி. அந்த வீடு அந்த நேரத்தில் ஒரு பட்டறை. பட்டறையில் பிள்ளையை வைத்திருக்கக் கூடாது என்று மற்ற தொழில்களில் ஒப்புக்கொண்ட நாம் இங்கே மட்டும் அதை வீடு என்று சொல்லி விட்டுவிட்டோம்.

ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-இல் வந்தபோது அதில் ஒரு நல்ல விதி இருந்தது: வேலை நடக்கும் இடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகளோ அதற்கு மேலோ தாய்மாரோடு வந்தால், ஒரு பெண்ணை அவர்களைப் பார்த்துக்கொள்ளவே நியமித்து, அவருக்கும் அதே கூலி கொடுக்க வேண்டும். பராமரிப்பும் உழைப்புதான், அதற்குக் கூலி உண்டு என்று ஒரு மத்தியச் சட்டம் ஒப்புக்கொண்ட அரிய இடம் அது. ஆனால் குளத்தங்கரை வேப்ப மரத்து நிழலில் கட்டிய தொட்டிலைக் காப்பகம் என்று சொல்லிவிட முடியாது.

ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான காலத்தை மருத்துவர்கள் ஏன் இவ்வளவு முக்கியமாகப் பேசுகிறார்கள் என்றால், தாய்ப்பாலோடு வேறு உணவும் சேரத் தொடங்குவது அப்போதுதான். வளர்ச்சி தடைப்படுவதும் பெரும்பாலும் அப்போதுதான். இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு நிறையக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை, பொறுமையாக, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்ட வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவுப் பொட்டலத்தால் அந்த வேலையைச் செய்ய முடியாது. 2019–21-இன் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இது நாட்டுச் சராசரியான 35.5-ஐவிட நல்ல நிலை. ஆனால் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகளிடையே இரத்தசோகை, நான்காவது ஆய்வில் இருந்த 50.7 விழுக்காட்டிலிருந்து 57.4-ஆக ஏறியிருக்கிறது. ரேஷன் கடையும் சத்துணவும் முட்டையும் இருக்கும் மாநிலத்தில் இந்த எண் ஏறுகிறது என்றால், குறை தானியத்தில் மட்டும் இல்லை. யார், எப்போது, எத்தனை முறை ஊட்டுகிறார்கள் என்பதிலும் இருக்கிறது. 2022-இல் மதுரையில் தொடங்கி 2023-இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கானது. பள்ளி வளாகத்துக்குள்ளேயே அங்கன்வாடி இருக்கும் ஊர்களில் ஆறு வயது அண்ணன் பொங்கலும் உப்புமாவும் சாப்பிட, மூன்று வயதுத் தங்கை சுவருக்கு இந்தப் பக்கம் மத்தியானத்துக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை. காலையில் அம்மா இல்லாமல் போகும் வீடு அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒன்றுதான்.

நேரத்தையும் ஆளையும் கூட்டினால் பிள்ளைக்கு உண்மையில் நன்மை உண்டா? இந்தக் கேள்விக்கு விடை தேட அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. அலெஹாந்த்ரோ கானிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் தமிழ்நாட்டு அரசின் ஒத்துழைப்போடு நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த பாதி மையங்களுக்கு முன்பருவக் கல்வியைப் பார்த்துக்கொள்ள அரைநாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவர் வந்தார். மீதிப் பாதி பழையபடியே நடந்தன. ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, கூடுதல் ஆள் வந்த மையங்களில் பிள்ளைகள் கற்கும் நேரம் இரட்டிப்பாகியிருந்தது. கணக்கிலும் மொழியிலும் தெளிவான முன்னேற்றம் இருந்தது. அதைவிட முக்கியமானது, ஏற்கெனவே இருந்த பணியாளருக்கு மூச்சுவிட நேரம் கிடைத்ததால் அவர் ஊட்டத்தையும் உடல்நலத்தையும் அதிகம் கவனித்தார்; வளர்ச்சிக் குறைவும் கடும் ஊட்டக்குறைவும் அங்கே குறைந்தன. செலவைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் பலன் பிற்காலத்தில் திரும்பி வரும் என்பது அவர்களின் மதிப்பீடு. கூடுதலாக வந்தவர்கள் பெரிய பட்டம் பெற்றவர்கள் அல்லர். ஒரு வாரத்துக்கு மேல் நீண்ட பயிற்சியும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஒரே பணியாளரை ஆறு வேலைகளுக்கிடையே கிழித்துப் போடாமல் இன்னொருவரைப் பக்கத்தில் நிறுத்தியதே போதுமானதாக இருந்தது. இந்த மாநிலத்தில், இந்த மையங்களிலேயே நடந்த சோதனையின் முடிவு நம் கையில் இருக்கும்போது அதை எல்லா ஊருக்கும் கொண்டுபோகாமல் இருப்பது எனக்குப் பெரிய வேதனையாக இருக்கிறது.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதும் தெரியும். முதலில் வருவது, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது தாயின் கடமை, ஆச்சியும் தாத்தாவும் இருக்கும் ஊரில் அரசுக்கு அங்கே என்ன வேலை என்பது. தாயின் கடமையை யாரும் மறுக்கவில்லை. 2019-இன் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, வீட்டு வேலை செய்யும் பெண் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் செலவழிக்கிறாள், வீட்டு வேலையில் பங்கெடுக்கும் ஆண் 97 நிமிடம் செலவழிக்கிறான் என்று காட்டியது. பிள்ளைகளையும் முதியோரையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதற்கு மேல். கடமையை அவள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறாள். கூலி வேலையும் சேர்த்துச் செய்கிறாள். ஆச்சியைப் பொறுத்தவரை, இந்த வட்டாரத்தின் நிலையை மறந்துவிடக் கூடாது. தாமிரபரணித் தண்ணீர் நஞ்சைக்குக் கிடைக்கும். தேரி ஓரத்துச் சாத்தான்குளத்துக்கு மழையும் குளமும்தான். தலைமுறை தலைமுறையாக இளவட்டங்கள் சென்னைக்கும் மும்பைக்கும் கடை வேலைக்குப் போய்விட்ட ஊர்கள் இவை. ஊரில் தங்கிய ஆச்சிகளில் பலர் தாங்களே கூலிக்குப் போகிறவர்கள். மற்றவர்கள் தாங்களே ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டிய வயதில் இருப்பவர்கள். ஆச்சி இல்லாத வீட்டில் அந்தக் கடமை பத்துப் பன்னிரண்டு வயது அக்காவின் இடுப்பில் போய் ஏறுகிறது. தம்பியைத் தூக்கி வைத்திருப்பதற்காக அவள் பள்ளிக்குப் போகாமல் நின்றால், ஒரு பிள்ளையின் பராமரிப்பு உரிமை இல்லாமல் போனதற்கு இன்னொரு பிள்ளையின் கல்வி உரிமை விலையாகிறது.

இதைவிட யோசிக்க வைக்கும் எதிர்வாதம் ஒன்று உண்டு. நீண்ட நேரம் மையத்தில் இருப்பது சின்னஞ்சிறு பிள்ளைக்கு நல்லதுதானா? கனடாவின் கியூபெக் மாகாணம் 1997-இல் நாளுக்கு ஐந்து டாலரில் குழந்தைக் காப்பகம் கொண்டுவந்தது. தாய்மார் வேலைக்குப் போவது கூடியது. ஆனால் சில ஆய்வுகள் அங்கே வளர்ந்த பிள்ளைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதாகக் கண்டன. இதை மூடி மறைத்துவிட்டுக் காப்பகம் கேட்பது நேர்மையாகாது. அந்த ஆய்வுகளைச் சுற்றி நடந்த விவாதத்தில் அடிக்கடி சுட்டிக்காட்டப்பட்டது, இடங்கள் வேகமாகப் பெருகியபோது தரம் கூடவே வளரவில்லை என்பது. அதனால் நேரத்தை மட்டும் நீட்டி, அதே ஒரு பணியாளரையும் ஒரு உதவியாளரையும் வைத்து, இருபது பிள்ளைகளோடு நான்கு கைக்குழந்தைகளையும் சேர்த்துவிடுவது தீங்காகவே முடியும். கைக்குழந்தைகளுக்கெனத் தனியாக ஒருவர், படுக்க இடம், பால் கொடுக்க வந்து போகும் தாய்க்கு மறைவு, கொதிக்கும் அடுப்பிலிருந்து தள்ளிய அறை ஆகியவை இல்லாமல் வயதைக் கீழே இறக்கக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதும் சரியான இடத்தோடுதான். பீடித்தூள் தட்டின் பக்கத்திலும் விடிலி அடுப்பின் பக்கத்திலும் இருக்கும் பிள்ளைக்கு மாற்று, நடுத்தர வர்க்கத்துத் தாயின் ஓய்வான மடி அன்று.

செலவைப் பற்றிப் பேசுகிறவர்கள், இன்று அந்தச் செலவை யார் தாங்குகிறார்கள் என்பதையும் பேச வேண்டும். 2018-இல் மத்திய அரசு அங்கன்வாடிப் பணியாளருக்கு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். தமிழ்நாடு தன் நிதியிலிருந்து சேர்த்துக் கொடுப்பதால்தான் இங்கே நிலைமை கொஞ்சம் தேவலை. 2017-இல் ஒரு பிள்ளையின் ஒரு நாள் துணை உணவுக்கு மத்திய விதிமுறை வைத்த அளவு 8 ரூபாய். இதே பணியாளர்தான் எடை பார்க்கிறார், பதிவேடு எழுதுகிறார், போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றுகிறார், தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல் வேலையும் பார்க்கிறார். 2022-இல் உச்ச நீதிமன்றம் இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தபோது, இது தொண்டு இல்லை, வேலை என்பதை ஏற்றுக்கொண்டது. அதனால் மையத்தை நீண்ட நேரம் திறந்து வைக்கக் கேட்கிறவர்கள், இருக்கும் பணியாளரின் முதுகில் இன்னும் இரண்டு மணி நேரத்தை ஏற்றக் கேட்கவில்லை. இன்னொரு ஷிஃப்டுக்கு இன்னொருவரைக் கேட்கிறோம். 2025-இல் 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களை நிரப்பத் தமிழ்நாடு அரசு முன்வந்தது நல்லது. ஆனால் அது காலியாகக் கிடந்த இடங்களை நிரப்புவது. இரண்டாவது ஆளைச் சேர்ப்பது இனிமேல் செய்ய வேண்டியது.

பிள்ளைகளே குறைந்துகொண்டு வருகிறார்களே, மையங்களை இணைத்துவிட்டால் பணம் மிச்சமாகுமே என்ற குரலும் கேட்கிறது. பிறப்பு விகிதம் குறைந்திருப்பது உண்மை. தனியார் நர்சரியின் வேன் குக்கிராமத்துக்குள்ளும் வந்து போவதும் உண்மை. வசதியுள்ளவர்கள் வேனில் ஏற்றிவிடுகிறார்கள். மிஞ்சும் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்காக ஒரு மையமா என்ற கேள்வி அலுவலகத்தில் எழுகிறது. அந்தப் பத்துப் பதினைந்து பேர் யார் என்று பார்த்தால், கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள். படுக்கப்பத்து, தட்டார்மடம் பக்கம் போல வீடுகள் விளைக்கு விளை சிதறிக் கிடக்கும் நிலத்தில் இரண்டு மையங்களை ஒன்றாக்கினால், மூன்று வயதுப் பிள்ளை வெயிலில் சிவந்த மணலில் கூடுதலாக நடக்க வேண்டும், அல்லது வராமல் நின்றுவிட வேண்டும். இரண்டாவதுதான் நடக்கும். 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோதும், 2022-இல் அவற்றை நிறுத்தும் பேச்சு எழுந்து எதிர்ப்பு கிளம்பியதால் அரசு பின்வாங்கியபோதும் பெற்றோர் எதைத் தேடுகிறார்கள் என்பது தெரிந்துபோனது. அவர்கள் அரசு மையத்தை வெறுத்து ஓடவில்லை. எழுத்தும் பாட்டும் கற்றுக்கொடுக்கிற, நம்பிக்கையாக விட்டுப் போகக்கூடிய அரசு மையத்தைக் கேட்கிறார்கள். பிள்ளைகள் குறைவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதிகம் செலவிடக் கிடைத்த வாய்ப்பு.

வாசலைத் தாண்டிய பிறகும் சமத்துவம் தானாக வந்துவிடாது. 2023 செப்டம்பரில் எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டி தொடக்கப் பள்ளியில், காலை உணவைச் சமைத்த பெண்ணின் சாதியைக் காரணம் காட்டிப் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் பெற்றோர் தடுத்த செய்தி மாநிலம் முழுவதும் பேசப்பட்டது. மக்களவை உறுப்பினர் கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எந்தத் தெருவில் மையம் இருக்கிறது, யார் சமைக்கிறார், யார் வீட்டுப் பிள்ளையைப் பணியாளர் மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறார் என்பதெல்லாம் இந்த மண்ணில் உரிமையின் பகுதிகள்தான். மையம் ஊர்த்தெருவில் இருந்தால் சேரிப் பிள்ளை தயங்கும்; சேரியில் இருந்தால் ஊர்த்தெருவிலிருந்து பிள்ளையை அனுப்பத் தயங்குவார்கள். முதல் தயக்கம் பயத்தால் வருகிறது, இரண்டாவது திமிரால் வருகிறது. அரசு இரண்டையும் ஒரே தராசில் வைக்கத் தேவையில்லை. பட்டியல் சாதிக் குடியிருப்புக்கு முன்னுரிமை என்ற உச்ச நீதிமன்ற உத்தரவே அதற்கு வழிகாட்டி. மாற்றுத்திறன் பிள்ளைகளை அங்கன்வாடியில் சேர்ப்பதற்கென மத்திய அரசு 2023 நவம்பரில் நெறிமுறை வெளியிட்டது; ஒரே பணியாளர் இருக்கும் மையத்தில் அது காகிதமாகவே இருக்கும். வீட்டுக்குக் கொடுக்கும் சத்துணவுக்கு 2025 ஜூலை முதல் முகப் பதிவு கட்டாயமாகிவிட்டது. கைப்பேசி சிக்னல் கிடைக்காத விளையில், வேறு எண்ணில் ஆதார் இணைந்திருக்கும் தாய்க்குச் சத்துமாவு தராமல் திருப்பி அனுப்புவது, சட்டம் பிள்ளைக்குக் கொடுத்த உரிமையை ஒரு செயலி பறித்துக்கொள்வதாகும்.

வழிகள் இல்லாமல் இல்லை. பக்கத்துக் கர்நாடகம் 2023-இல் கிராம ஊராட்சிகளில் 4,000 காப்பகங்களைக் ‘கூசின மனை’ என்ற பெயரில் அறிவித்தது. ஊரக வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகள் அங்கே இருக்கலாம், பார்த்துக்கொள்கிறவர்கள் அதே ஊர்ப் பெண்கள். மத்திய அரசின் ‘பால்னா’ திட்டம் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் என்ற வடிவத்தை 2022 முதல் ஏற்றிருக்கிறது. நாடு முழுவதும் 17,000 என்ற இலக்கும் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அந்த இலக்கில் எத்தனை எந்த வட்டாரத்துக்கு வர வேண்டும் என்று தீர்மானிக்கும்போது, நகரத்து அலுவலகப் பெண்களின் தேவைக்கு மட்டும் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாத்தான்குளம் ஒன்றியத்தில் தொடங்க வேண்டுமானால், முதலில் ஊராட்சி ஊராட்சியாக ஒரு கணக்கு எடுக்க வேண்டும்: எந்தக் குக்கிராமத்தில் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை எத்தனை பிள்ளைகள், அவர்களின் தாய்மார் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள். அங்கன்வாடிப் பதிவேட்டில் பிள்ளையின் எடைக்கும் உயரத்துக்கும் இடம் இருக்கிறது, தாயின் வேலை நேரத்துக்கு இல்லை; அதைச் சேர்க்கப் பெரிய செலவு ஆகாது. அந்தக் கணக்கில் விடியற்காலை வேலை அதிகம் உள்ள ஊர்கள் எவை என்று தெரிந்ததும், பெரியதாழை போன்ற கடற்கரை ஊரிலும் பனை விளைகளுக்கு நடுவில் இருக்கும் ஊரிலும் பீடி சுற்றும் தெருக்களிலும் முதல் மையங்களைத் தேர்ந்து, காலை ஆறரை முதல் மாலை ஆறு வரை இரண்டு ஷிஃப்டுகளாகத் திறக்கலாம். பதநீர் காலத்திலும் பள்ளி விடுமுறையிலும் அவற்றை மூடக் கூடாது. காலை உணவு பள்ளிச் சமையலறையிலிருந்தே வரலாம். வருகிற கிராம சபையில் தாய்மார் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தால், 2006 உத்தரவின் எண்ணைக் குறிப்பிட்டு வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பலாம். தீர்மானத்தில் மையத்தின் பெயரோடு அது திறக்க வேண்டிய நேரத்தையும், சேர்க்க வேண்டிய மிகக் குறைந்த வயது ஆறு மாதம் என்பதையும், கூடுதலாக வேண்டிய பணியாளரின் எண்ணிக்கையையும் எழுத வேண்டும். பதில் வரவேண்டிய கெடு மூன்று மாதம்.